பெரிய டேப்லெட்டில் புத்தகம் படமெடுக்க முடியுமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. யாங்கோனில் ஞாயிறுதோறும் பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் புரொஜெக்டர் சரிப்படாது. அதனால் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 அல்ட்ரா வாங்கலாமா என்று யோசனை. 14.6 அங்குலத் திரை, மெமரி கார்டும் போடலாம். அதுவரை சந்தோஷம்.

சந்தேகமெல்லாம் கேமராவில்தான். பின்னால் 13 மெகாபிக்சல் ஒன்று, 8 மெகாபிக்சல் அகலக் கோணம் ஒன்று. தாத்தா விட்டுப்போன தமிழ்ப் புத்தகங்களைப் படமெடுத்து வைக்க வேண்டும். தொட்டாலே தாள் உதிர்கிறது. நண்பரிடமிருந்த வேறொரு பெரிய டேப்லெட்டில் ஜன்னலோரம் நின்று எடுத்துப் பார்த்தேன். நடுப்பக்கம் பளிச்சென்று வந்தது. ஓரத்தில் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிட்டன. என் கை ஆடியதா, லென்ஸே அப்படித்தானா? பாதிப் படத்தில் என் தலையின் நிழல் வேறு!

எஸ்9 அல்ட்ராவும் 732 கிராம். கையில் பிடித்து எடுப்பது சிரமம்தான். ஸ்டாண்டில் வைத்துப் புத்தகம் படமெடுத்தவர்கள் ஒரு மாதிரிப் படம் போடுங்களேன். அப்புறம் இன்னொன்று: நான்கு ஸ்பீக்கர் இருக்கிறது, சரி. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே பின்வரிசைப் பிள்ளைக்குக் கேட்குமா?