வீட்டுக்கு எந்தத் தோட்டா, வேட்டைக்கு எந்தத் தோட்டா? உங்கள் அனுபவங்கள்

கரிசல்காரன் (ஹூஸ்டன் புறநகர்)

என்னிடம் இருப்பது 12 கேஜ் பம்ப் ஷாட்கன். ஒரே வேட்டில் பல குண்டுகளைச் சிதறவிடும், முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி. கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் சிறிதானால் குழல் பெரிது. "வீட்டுக்கா? டபுள் ஆட் பக்ஷாட்" என்று கடைக்காரர் பெரிய குண்டுத் தோட்டாப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார், மறுபேச்சில்லாமல் வாங்கி வந்தேன்.

போன குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி வாசல் பூட்டில் யாரோ சாவி போடுகிற சத்தம். மனைவி 911-ஐ அழைத்தாள். நான் நடையின் மறுகோடியில் துப்பாக்கியோடு நின்றேன். சாவி நுழையவில்லை. சுரண்டல், பிறகு ஒரு வசவு, மறுபடி சுரண்டல். வந்தவன் எதிர்வரிசை வீட்டுப் பையன். கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறான், நன்றாகக் குடித்திருந்தான். எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு, வீடு மாறிவிட்டான். போலீசார் வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள்.

அவன் வந்ததுகூடப் பெரிதில்லை. கதவோரக் கண்ணாடியில் அவன் தலை தெரிந்தது. அதற்கு நேர் பின்னால், தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு. அவன் அம்மா தூங்காமல் காத்திருந்தார். டபுள் ஆட் தோட்டா ஒன்றில் ஒன்பது குண்டுகள், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர். அதில் எத்தனை அந்த ஜன்னல்வரை போயிருக்கும் என்று மனம் இன்னும் கணக்குப் போடுகிறது. நீங்களெல்லாம் வீட்டில் என்ன போட்டு வைத்திருக்கிறீர்கள்?

பம்பரம் (டாலஸ்)

எட்டாம் நம்பர் பேர்ட்ஷாட், பறவைக்கான பொடி ரவை. புறா சுடுகிற அதே பெட்டிதான். சுவரைத் தாண்டாது, பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம், விலையும் மலிவு. அதுவும் சுட வேண்டி வராது. எங்கள் கார் கொட்டகைக்குள் இரண்டு பேர் புகுந்தபோது நான் உள்ளே நின்று பம்பை ஒரு இழு இழுத்தேன், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கே ஒருவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். செருப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சதுரகிரி (சான் அன்டோனியோ)

பம்பரம், சுவரைத் தாண்டாது என்று உங்களுக்கு யார் சொன்னது? நண்பரின் பண்ணையில் வீடு கட்டி மிஞ்சிய, உட்சுவருக்கான ஜிப்சம் பலகைகளைச் சுவர் போல நிறுத்தி வைத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறோம். அறைக்குள் இருக்கிற தூரத்தில் ரவைகள் விரிவதற்கு நேரமே இல்லை. ஒரு கெஜத்துக்கு ஒரு அங்குலம் விரியும் என்பது பொதுக்கணக்கு. ஐந்து கெஜத்தில் உள்ளங்கை அகலம்தான். அந்தக் கட்டி சுவரின் இரு பலகையையும் கிழித்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்த்தான் சிதறுகிறது. டபுள் ஆட் எத்தனையோ சுவர் தாண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேர்ட்ஷாட் சுவரிலேயே நின்றுவிடும் என்று நம்பி அதன் பின்னால் குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள்.

இன்னொன்று. உடம்புத் தசைக்குப் பதிலாக ஜெலாட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும் சோதனையில் குறைந்தது 12 அங்குலம் இறங்க வேண்டும் என்பது எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் அளவு. எட்டாம் நம்பர் ரவை 2.3 மில்லிமீட்டர், அதில் பாதியைத் தாண்டுவதே அபூர்வம். தடித்த குளிர்ச்சட்டை போட்டவன் மேல் பட்டால் இன்னும் குறையும். ஆளை நிறுத்தும் அளவுக்கு இறங்குகிற எதுவும் இந்த ஊர்ச் சுவரைத் தாண்டத்தான் செய்யும். ஆகவே கரிசல்காரன், தோட்டாவை மாற்றுவதற்கு முன் நீங்கள் நிற்கிற இடத்தை மாற்றுங்கள். எந்த மூலையில் நின்றால் குழலுக்கு நேரே செங்கல் வருகிறது என்று பகலிலேயே பாருங்கள். பிறகு, உதை (சுடும்போது தோளில் விழும் இடி) குறைந்த டபுள் ஆட் வாங்குங்கள். முழு வேகத் தோட்டா வினாடிக்கு 1,325 அடி என்றால் இது 1,145 அடி. ஃபெடரலின் ஃபிளைட்கன்ட்ரோல் வகையில் குண்டுகளைச் சுமக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் பின்புறமாக விரிவதால் அவை சிதறாமல் ஒன்றாகப் போகின்றன. எட்டுக் குண்டுத் தோட்டா என்றால் வழி தவறிப் பறக்கும் ஒன்பதாவது குண்டின் தொல்லையும் குறைவு. தாளில் சுட்டுப் பார்க்காமல் எதையும் வீட்டில் வைக்காதீர்கள். ஒரே தோட்டா இரண்டு துப்பாக்கியில் இரண்டு மாதிரி விரியும்.

என் கதை சிறியது. அதே பண்ணையில் காட்டுப்பன்றி. நண்பரின் மைத்துனர் "நான்காம் நம்பர் போட்டிருக்கிறேன்" என்றார், நான் தலையாட்டினேன். தீவனத் தொட்டியருகே ஒரு கிழட்டு ஆண்பன்றி வந்தது. சுட்டார். அது உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, எங்கள் பக்கம் திரும்பி நிதானமாகப் பார்த்துவிட்டு முட்புதருக்குள் போய்விட்டது. பெட்டியை வாங்கிப் பார்த்தேன். நான்காம் நம்பர்தான், ஆனால் பக்ஷாட் இல்லை, பேர்ட்ஷாட். பக்ஷாட் குண்டு 6.1 மில்லிமீட்டர், பேர்ட்ஷாட் ரவை 3.3. எண் ஒன்று, பொருள் வேறு. ஆண்பன்றியின் தோளில் கேடயம் போலக் கெட்டித் தோல் உண்டு. அதற்கு ஸ்லக்தான் சரி, ஒரே ஈயக்கட்டி, 28 கிராம். இருட்டும்வரை தேடினோம், பன்றி கிடைக்கவில்லை. அந்தப் பார்வைதான் மறக்கவில்லை.

நெல்லைக்காரி (ஆஸ்டின்)

அண்ணன்மார் இருவரும் சுவரை விடுங்கள். செப்டம்பர் முதல் தேதி, புறா பருவம் தொடங்கும் நாள். என்னுடையது 20 கேஜ், வீட்டுக்காரருடையது 12 கேஜ் இரட்டைக்குழல். வெயிலுக்குத் தாங்காமல் நான் கழற்றிப்போட்ட வேட்டைச் சட்டையை அவர் மாட்டிக்கொண்டார். புறாக்கள் கூட்டமாக வந்தன. பையில் கையை விட்டு, வானத்தைப் பார்த்தபடியே தோட்டாவைப் போட்டு மூடி விசையை அழுத்தினார். க்ளிக். திறந்து பார்த்தால் தோட்டா அறை காலி. போட மறந்துவிட்டோம் என்று நினைத்து அடுத்ததை எடுத்துவிட்டார்.

பண்ணைக்கார முதியவர் போட்ட சத்தத்தில் நாங்கள் இருவரும் உறைந்து நின்றோம். துப்பாக்கியை வாங்கிக் குழலை அண்ணாந்து பிடித்து, ஒரு மரக்குச்சியை வாய்ப்பக்கமாக விட்டுத் தட்டினார். மஞ்சள் கிழங்கு நிறத்தில் என் 20 கேஜ் தோட்டா புல்லில் விழுந்தது. 12-இன் அறையைக் கடந்து குழல் குறுகும் இடத்தில் போய்ச் சிக்கியிருந்திருக்கிறது. அதன் பின்னால் ஒரு 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை போய்விடும். இந்த நாட்டில் 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சளாகச் செய்வதே இதற்காகத்தான். வீட்டுக்காரர் பார்த்ததோ நிறத்தை அல்ல, வானத்தை. இப்போது எங்கள் வீட்டில் சட்டை மாற்றிக்கொள்வது கிடையாது.

அன்றைய புறா வறுவலில் மாமியார் ஒரு ரவையைக் கடித்தார். அந்தப் பல் தனிக்கதை.

வல்லைவெளியான் (ஒண்டாரியோ)

எங்களுக்கு ஈயம் கடிக்கிற கவலை இல்லை, சகோதரி. இங்கே வாத்து வேட்டைக்கு ஈய ரவையே கூடாது. கனடாவில் 1999 முதல், உங்கள் அமெரிக்காவில் 1991 முதல். வாத்து சேற்றில் கிடக்கும் ரவையைக் கல்லென்று விழுங்கிவிடும். இரைப்பையில் அரைபட்டு விஷமேறிச் சாகும். அதற்காகத்தான் இரும்பு ரவை. இரும்பு எடை குறைவு, சீக்கிரம் வேகம் இழக்கும். ஈயத்தில் நான்காம் நம்பர் போடுகிற இடத்தில் இரும்பில் இரண்டாம் நம்பர், அதாவது இன்னும் பெரிய ரவை, போட வேண்டும். இதைத் தெரியாத ஒருவர் எங்களோடு வந்தார். அவர் சுட்ட வாத்து, இறகுகள் பிய்ந்து காற்றில் மிதக்க, பறந்துகொண்டே போய் அக்கரை நாணலுக்குள் விழுந்தது. நாயை விட்டும் கிடைக்கவில்லை. அந்த இறகுகள் தண்ணீரில் எங்கள் படகுவரை வந்தன.

நீங்கள் வீட்டில் துவக்கை நிரப்பித் தயாராக வைப்பது பற்றி எழுதுவதை வாசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இங்கே அப்படிச் செய்தால் உள்ளே போக வேண்டியதுதான். துவக்கு பூட்டில், தோட்டா இல்லாமல். ஊரில் துவக்கைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பூட்டி வைப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பம்பரம் (டாலஸ்)

சதுரகிரி, உங்கள் ஜெலாட்டின் அளவையெல்லாம் அந்தச் செருப்புக்காரனிடம் சொல்லுங்கள்.

சதுரகிரி (சான் அன்டோனியோ)

செருப்புக்காரன் கையில் கைத்துப்பாக்கி இருந்திருந்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அந்தச் சத்தம் அவனுக்குச் சொல்லியிருக்கும். 2013-இல், துணை அதிபராக இருந்த ஜோ பைடன்கூட, இரட்டைக்குழலோடு வெளியே வந்து இரண்டு வேட்டு போட்டால் போதும் என்றார். இரட்டைக்குழலில் இருப்பதே இரண்டு. அப்புறம்?

கோப்புக்கட்டு (டாலஸ்)

என் அனுபவம் கடை மேசையில். அலுவலக நண்பர், எச்1பி விசா. துப்பாக்கி வாங்குவோர் நிரப்பும் 4473 படிவத்தை நிரப்பினார், வேட்டை உரிமத்தை நீட்டினார். விற்பனையாளர் அதைத் திருப்பி, தேதி மேல் விரலை வைத்து அப்படியே எங்களைப் பார்த்தார். ஆகஸ்ட் 31. நாங்கள் போனது செப்டம்பரில்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தோட்டாவும் அப்படியே, நண்பரின் பெட்டி உங்கள் காரில் கிடந்தாலும் பதில் சொல்ல வேண்டி வரலாம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் முக்கியமான விதிவிலக்கு. டெக்சாஸ் ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31-உடன் முடியும், நீங்கள் எந்த மாதம் வாங்கியிருந்தாலும். புதுப்பிக்க மறந்தால், வேட்டைக்கே போகாமல் அலமாரியில் பூட்டி வைத்திருப்பதும் பிரச்சினைதான். பசுமை அட்டை இருந்தால் இந்தத் தடை கிடையாது. புறாவுக்குக் கூடுதலாக வலசைப் பறவைக்கான முத்திரையும் வாங்க வேண்டும். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பான் போட வேண்டும். வீட்டில் 17 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்து, நிரப்பிய துப்பாக்கி அதன் கைக்கு எட்டினால் டெக்சாஸ் சட்டம் பெற்றோரைப் பிடிக்கும். எதையும் கடைக்காரரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள், வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

நெல்லைக்காரி (ஆஸ்டின்)

கரிசல்காரன் தம்பி, கேட்டது நீங்கள், பேசியது ஊரே. எங்கள் வீட்டில் 20 கேஜில் மூன்றாம் நம்பர் பக்ஷாட், இருபது குண்டு, பூட்டும் பெட்டிக்குள். 12-இன் உதையில் என் தோள் நீலம் பாரித்துவிட்டது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவளுக்கு எந்த நம்பர் போட்டு என்ன பயன்? உங்கள் மனைவிக்கு அந்த 12 கேஜைச் சுடத் தெரியுமா? அதைச் சொல்லுங்கள், பிறகு தோட்டா பேசலாம்.