அங்குசம் இல்லாமல் யானையைப் பழக்க முடியுமா?

வால்பாறை_வாசி:
2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை, தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்ற செய்தி வந்தபோது இங்கே பலர் சொன்னது ஒன்றுதான்: "பிடியைத் தளர்த்தினால் இப்படித்தான் ஆகும்." கோயில் யானையின் வாழ்க்கையே பிடிக்குள்தானே இருக்கிறது, இதில் இன்னும் எதை இறுக்குவது?

என் வாதம் இது. கோயிலிலும் முகாமிலும் இருக்கிற யானைகளை அடி, குத்து, பயம் எதுவுமில்லாமல், அவற்றுக்குப் பிடித்த தீனியைப் பரிசாகக் கொடுத்தே பழக்கலாம். பயத்தால் இல்லை, நம்பிக்கையால். நேபாளத்தில் செய்து பார்த்து 2014-ல் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள். யானைக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கத் தும்பிக்கைக்குள் உப்புநீரை ஊற்றுவார்கள். யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிடித்திருந்து, பிறகு இறக்கிப் பைக்குள் ஊதித் தர வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கக்கூடிய வேலை இல்லை இது. ஐந்து பெண் யானைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் இளம் யானைகள் நான்கும் 35 அமர்வுகளுக்குள் கற்றுக்கொண்டன. ஓர் அமர்வு சராசரியாக 12 நிமிடம். சரியாகச் செய்யும் விகிதம் 39 சதவீதத்திலிருந்து 89.3 சதவீதத்துக்கு ஏறியது. அத்தனையும் பழைய முறையில், அதாவது அடித்துப் பழக்கப்பட்ட யானைகள். ஆளுக்கும் யானைக்கும் நடுவில் கம்பித் தடுப்புகூடக் கிடையாது.

எப்படி என்று கேட்பவர்களுக்கு: விசில்தான் சூட்சுமம். பின்னங்காலைச் சரியாகத் தூக்கிய அந்த நொடியில் வாயில் கரும்பை வைக்க முடியாது, வாய் அந்தப் பக்கம் இருக்கிறது. நீங்கள் நடந்து போய்க் கொடுப்பதற்குள் அது காலை இறக்கியிருக்கும். காலை இறக்கியதற்குத்தான் கரும்பு என்று நினைத்துக்கொள்ளும். அதனால் முதலில் விசில் ஊதினால் தீனி வரும் என்று மட்டும் பழக்குவார்கள். பிறகு, சரியாகச் செய்த நொடியில் விசில், தீனி கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. டால்பின்களைப் பழக்கியவர்களும் இதே காரணத்துக்காகத்தான் விசிலைப் பிடித்துக்கொண்டார்கள். துள்ளிக் குதிக்கிற மீனுக்கு நடுவானில் எப்படி ஊட்டுவது? (டால்பின் மீன் இல்லை என்று திருத்த வருபவர்கள் அமைதியாக இருக்கவும்.)

பாகன்மகன்:
எங்க தாத்தா பாகன், அப்பா பாகன். நான் இப்ப வேற வேலையில இருக்கேன், ஆனா கட்டுத்தறியிலதான் வளந்தேன். அதனால ஒரே ஒரு கேள்வி. 89.3ன்னு போட்டீங்களே, மீதி 10.7 எங்க போச்சு?

பைக்குள்ள ஊதச் சொல்லி அது ஊதலைன்னா, நாளைக்கு ஊதும். தேரோட்டத்துல, பக்கத்துல வெடி போடறான், எதிர்ல பச்சைக்குழந்தையைத் தூக்கிட்டு ஒரு அம்மா நிக்குது, அப்ப "நில்"லுன்னா நிக்கணும். பத்துல ஒரு தடவை நிக்காதுன்னா அங்க யார் பொறுப்பு? விசிலா?

அங்குசம்னாலே குத்தறதுன்னு பட்டணத்துல இருக்கறவங்க முடிவு பண்ணிட்டீங்க. கழுத்துல உக்காந்திருக்கற பாகன் முக்கால்வாசி வேலையைக் காதுக்குப் பின்னாடி கால் கட்டைவிரலாலதான் செய்வார். அங்குசம் கையில இருக்கும், அவ்வளவுதான்.

நாய்க்காரன்:
நான் நாய் பழக்குபவன். கழுத்தை நெரிக்கும் சங்கிலி இல்லாமல் நாய் கேட்காது என்று 20 வருடம் முன்பு எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே மின்னதிர்ச்சிப் பட்டையைத் தடை செய்துவிட்டார்கள், அங்கே நாய்கள் யாரையும் தின்றுவிடவில்லை. பயத்தில் கற்ற உயிர், பயம் காட்டுபவர் இல்லாத இடத்தில் கற்றதை மறந்துவிடும். யானைக்கும் இதுதானே?

பாகன்மகன்:
நாய் கடிச்சா தையல் போடலாம்ணே. யானை மிதிச்சா?

வால்பாறை_வாசி:
@பாகன்மகன், "அங்குசம் கையில் இருக்கும், அவ்வளவுதான்" என்கிறீர்கள். அது என்ன செய்யும் என்று யானைக்குத் தெரிந்திருப்பதால்தான் சும்மா இருந்தாலே போதுமானதாக இருக்கிறது. 2021-ல் கோயில் யானைகளுக்கான தேக்கம்பட்டி நலவாழ்வு முகாமில் ஸ்ரீவில்லிபுத்தூர் யானையை மரத்தில் கட்டிவைத்து இரண்டு பேர் மாறி மாறி அடித்த காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. அது நலவாழ்வு முகாம்!

தேர், வெடி பற்றி: அந்த இடத்துக்கு யானையைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்? வெடிச் சத்தத்தைத் தாங்கும் யானையை உருவாக்குவதற்குப் பதிலாக, வெடி இல்லாத இடத்தில் யானையை வைத்திருக்கலாமே.

பாகன்மகன்:
அடிச்சவன் செஞ்சது தப்பு. அதுக்கு நான் வக்காலத்து வாங்க வரலை. ஆனா தேர் வேணாம், வெடி வேணாம்னு சொல்ற அதிகாரம் பாகனுக்கு இருக்கா? யானை போகணும்னு மேல சொல்லுவாங்க, அவர் கூட்டிட்டுப் போவார். ஏதாவது ஆச்சுன்னா முதல்ல சாகறதும் அவர்தான், அப்புறம் பேப்பர்ல திட்டு வாங்கறதும் அவர்தான்.

மாட்டுடாக்டர்:
வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன். இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. ஆனால் இரண்டு பேரும் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள்.

தண்டனை என்பது ஒன்று. தப்புச் செய்த பிறகு அடிப்பது. தேக்கம்பட்டியில் பார்த்தது அதுதான். எது தப்பு என்பது யானைக்குப் பெரும்பாலும் புரியாது, அடித்தவரின் முகம் மட்டும் மனதில் நிற்கும்.

அழுத்தி விடுவது இன்னொன்று. பாகன் கட்டைவிரலால் செய்வது இதுதான். லேசாக அழுத்துகிறார், யானை திரும்புகிறது, அந்த நொடியே அழுத்தம் போய்விடுகிறது. விடுபட்டதே அதற்குப் பாடம். குதிரைக் கடிவாளமும் இப்படித்தான். நல்ல பாகனிடம் இது மெல்லிய தொடுகை, மோசமான பாகனிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தாக வளரும். பொருள் ஒன்றுதான், கை வேறு.

வால்பாறைக்காரர் சொல்வது மூன்றாவது. மருத்துவ வேலைக்கு இதற்கு இணையே இல்லை. காலை நீட்டச் செய்து நகம் சீவுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது, காதின் பின்புற நரம்பில் ரத்தம் எடுப்பது எல்லாவற்றுக்கும். காசநோய்க்குத் தும்பிக்கை நீரைத் தனித்தனி நாட்களில் மூன்று முறை எடுக்க வேண்டும். முதல் நாள் கட்டிப்போட்டுப் பிடுங்கினால் இரண்டாம் நாள் அது உங்களைப் பார்த்ததுமே தும்பிக்கையைச் சுருட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த முறையை யானைகளுக்கு முறைப்படி வளர்த்தெடுத்தது 1990-களின் தொடக்கத்தில் சான் டியாகோவில். அங்கே யானைக்கும் ஆளுக்கும் நடுவே தடுப்பு இருந்தது. தடுப்பின் ஓர் இடைவெளி வழியாகத்தான் யானை காலை நீட்டும். அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம் 2011-ல் முடிவெடுத்து, 2014 முதல் ஊழியர்கள் யானையோடு தடுப்பில்லாமல் ஒரே இடத்தில் நிற்பதைப் பெருமளவு குறைக்கச் சொன்னதும் உயிர்ப்பலிக்குப் பயந்துதான். அதாவது, பரிசுமுறையில் பெரிய அனுபவம் உள்ளவர்களே பாதுகாப்புக்குப் பரிசை நம்பவில்லை, தடுப்பை நம்பினார்கள். நேபாளத்தில் தடுப்பில்லாமல் செய்தார்கள், உண்மை. ஆனால் கற்றுக்கொண்டவை எல்லாம் இளம் யானைகள். வயது வந்த அந்த ஒரு யானை கற்று முடிக்கவில்லை. வால்பாறைக்காரர் அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டார்.

கேள்விக்குறி:
சொல்லாமல் தாண்டியதைக் கண்டுபிடித்த டாக்டருக்கு ஒரு கரும்பு. விசில் யார் ஊதுவது?

தெற்குமாசிவீதி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு சண்டை போடுவதாகப் படுகிறது. குத்திப் பழக்குவதா, கொஞ்சிப் பழக்குவதா? எதற்குப் பழக்க வேண்டும்?

வால்பாறைக்காரர் நம்பிக்கை, நம்பிக்கை என்கிறார். காலில் சங்கிலியோடு நிற்கிற விலங்கு வாழைப்பழத்துக்காக வருவதை நம்பிக்கை என்று எப்படிச் சொல்வது? அதற்குப் போக வேறு இடம் இல்லை. காட்டில் பெண் யானை தாய், பெரியம்மா, அக்கா, தங்கையோடு சாகும்வரை ஒரே கூட்டத்தில் இருக்கும். கோயிலில் தனியாக நிற்கிறது. அந்தத் தனிமையைத்தான் நீங்கள் பாசம் என்று அறுவடை செய்கிறீர்கள்.

இனிமேல் கோயில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்கக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2023-ல் சொன்னது. இந்த இனிப்புமுறை நன்றாக வேலை செய்தால் அதற்கு எதிராகத்தான் பயன்படும். "பாருங்கள், அன்பாகத்தான் வைத்திருக்கிறோம்" என்று இன்னும் பத்து யானையைக் கேட்பார்கள்.

வால்பாறை_வாசி:
சங்கிலி பற்றிச் சொன்னது நியாயம். அதனால்தான் இந்த முறையில் ஒரு விதி உண்டு: யானை நடுவில் விலகிப் போனால் விட்டுவிட வேண்டும். திட்டக் கூடாது, அன்றைய தீனியில் கைவைக்கக் கூடாது. வழக்கமான தீனி அதன் உரிமை, பரிசு அதற்கு மேல். விலகிப் போக இடமில்லாமல் செய்தால் அது இந்த முறையே இல்லை. நம்பிக்கையை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியும் இதுதான்: போகலாம் என்று விட்ட பிறகும் அது திரும்பி வருகிறதா?

ஆனால் இன்றைக்குக் கோயிலில் நிற்கிற 40 வயது யானையை என்ன செய்வீர்கள்? காட்டில் விட முடியாது. மறுவாழ்வு மையத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கும் லாரி ஏற வேண்டும். இஸ்லாமாபாத் பூங்காவிலிருந்த காவன் ஞாபகம் இருக்கிறதா? 1985-ல் இலங்கை பாகிஸ்தானுக்குக் கொடுத்த யானை. துணை யானை சஹேலி 2012-ல் செத்த பிறகு தனியாக நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. 2020 நவம்பரில் கம்போடியாவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் அந்தப் பெரிய இரும்புப் பெட்டிக்குள் தானாகவே நடந்து போய்த் தீனி தின்னப் பழக்கினார்கள். நீங்கள் கேட்கிற விடுதலைக்கே இந்தப் பயிற்சி தேவைப்படுகிறது.

தெற்குமாசிவீதி:
காவனை ஒத்துக்கொள்கிறேன். போவதற்குப் பழக்குங்கள். ஆசீர்வாதம் பண்ணப் பழக்காதீர்கள்.

கேள்விக்குறி:
ஆசீர்வாதத்தைப் பேச்சில் இழுத்ததால் கேட்கிறேன். காசு கொடுத்தால் பாகனிடம் தருகிறது, பழம் கொடுத்தால் தானே தின்கிறது, இரண்டுக்கும் தலையில் தும்பிக்கை வைக்கிறது. இதை யார் சொல்லிக்கொடுத்தது? அடித்தா?

பாகன்மகன்:
அடிச்சு இல்லைங்க. பழத்தாலதான். காசை வாங்கிக் கையில குடுத்தா உடனே ஒரு துண்டு வெல்லம், இல்லைன்னா தேங்காச் சில்லு. தரையில போட்டா ஒண்ணும் கிடையாது. ரெண்டு மூணு நாள்ல புடிச்சுக்கும். நீங்க நேபாளம் நேபாளம்னு சொல்றதை நாங்க பேர் வைக்காம செஞ்சுட்டுதான் இருக்கோம்.

அப்புறம் யாருமே பேசாத ஒண்ணு. நம்பிக்கை யானைக்கு வித்தை மேல வராது, ஆள் மேலதான் வரும். ராத்திரி வயித்துவலின்னா பக்கத்துல முழிச்சிருந்தவனை அது ஞாபகம் வெச்சுக்கும். அந்த ஆளை மாத்திட்டு அடுத்த வாரம் புதுசா ஒருத்தரை அனுப்பறாங்க. யானைக்குப் பக்கத்துல போகவே அவருக்குப் பயம். பயந்தவன் கையிலதான் கம்பு முதல்ல ஓங்கும். மனசுல வெச்சுக்கிட்டு அடிக்கறவனை விட, பயத்துல அடிக்கறவன்தான் அதிகம். சம்பளம் சரியா இல்லை, உதவியாள் இல்லை, ஒருத்தரே ராத்திரி பகலாப் பாக்கணும். இதுல 12 நிமிஷம் தினம் உக்காந்து விசில் ஊதுன்னா, அந்த நேரம் தழை வெட்டறது யாரு?

வால்பாறை_வாசி:
ஆள் மாற்றம் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதுவே என் பக்கத்து வாதமும்கூட. எல்லாம் ஓர் ஆளின் அதட்டலில் நின்றால் ஆள் போனதும் எல்லாம் போய்விடும். விசில், சைகை, பரிசு என்று முறையாக இருந்தால் பழைய பாகன் பக்கத்தில் நின்று புது ஆளுக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம்.

பாகன்மகன்:
பழையவரைப் பக்கத்துல நிக்க விட்டாத்தானே? சரி, அதை விடுங்க. டாக்டர் சார், நிஜமாவே ஒரு சந்தேகம். என் சித்தப்பா பாக்கற யானைக்குப் பின்னங்கால் நகத்துல வெடிப்பு. காலைத் தூக்கும், ஆனா தீனியைப் பாத்ததும் உடம்பையே திருப்பிட்டு வந்துடுது. எப்படி நிறுத்தறது?

மாட்டுடாக்டர்:
தீனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கால் பார்க்கிறவர் மடியில் இருந்தால் திரும்பத்தான் செய்யும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைப்பக்கம் தீனியோடு நிற்கட்டும், இன்னொருவர் பின்னால். விசில் பின்னால் இருப்பவர் கையில், ஏனென்றால் கால் அவருக்குத்தான் தெரியும். முதலில் முன்னங்காலில் தொடங்குங்கள். காலை வைக்கப் போட்ட கட்டையில் கால் பட்டதற்கே விசில், பிறகு கொஞ்ச நேரம் வைத்திருந்தால் விசில், பிறகு கை பட்டாலும் எடுக்காமல் இருந்தால் விசில். அரம் கடைசியில். துண்டு சின்னதாக இருக்கட்டும், முழுத் தேங்காயைக் கொடுத்தால் மென்று முடிப்பதற்குள் மறந்துவிடும். முகம் திருப்பினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒரு நல்ல தூக்கலோடு முடித்தால் போதும்.

தெற்குமாசிவீதி:
வெடிப்பு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. கருங்கல் தரையில் நாள் முழுக்க நின்றால் வராமல் என்ன செய்யும்?

மாட்டுடாக்டர்:
அதுவேதான் காரணம். ஈரக் கல்லில் தன் சாணத்திலேயே நிற்பது. மண் கொட்டி, தினமும் நடக்க விட்டால் பாதி குறையும். மனு எழுதிக் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பாகன்மகன்:
சித்தப்பா போன வருஷமே ஒரு லாரி மண்ணு கேட்டார் சார். மண்டபம் அழுக்காயிடும்னுட்டாங்க. நீங்க டாக்டர்னு போட்டு எழுதினா படிப்பாங்களோ என்னமோ. யாருக்கு அனுப்பணும், செயல் அலுவலருக்கா, இணை ஆணையருக்கா?

தெற்குமாசிவீதி:
இருவருக்கும். நகலை வனத்துறைக்கும் அனுப்புங்கள். கல் தரையைப் படம் எடுத்து இணையுங்கள், நகத்தையும். மனுவை நான் தட்டச்சு செய்து தருகிறேன். ஆனால் கடைசி வரியில் யானையை மையத்துக்கு அனுப்பக் கோருகிறோம் என்றும் இருக்கும்.

பாகன்மகன்:
அந்த வரி இருந்தா சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டார்.