பிரிட்ஜ் இல்லாமல் 13 வருடம்: என் வாழ்க்கை விதிகள்

மஞ்சக்குப்பத்தான் (சனி, இரவு 9:10)

போன வாரம் இந்த இணைய மன்றத்தில் ஒருவர், சந்தோஷமாக வாழ என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஆளாளுக்குக் கார், கனடா, இரண்டு கோடி என்று எழுதித் தள்ளினீர்கள். அதற்குப் பதிலாகத்தான் இது. 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய அன்று எங்கள் வீட்டு வேப்பமரம் சமையலறை ஓட்டின் மேல் சாய்ந்து பிரிட்ஜ் நசுங்கிப் போனது. தெருவில் 16 நாள் கரண்ட் இல்லை. அந்த 16 நாளும் வீடு ஓடத்தானே செய்தது, அப்புறம் எதற்கு இது என்று விட்டுவிட்டேன், இன்றுவரை வாங்கவில்லை.

அதிலிருந்து பிடித்துக்கொண்டதுதான் மற்றதெல்லாம். தவணையில் எதுவும் வாங்குவதில்லை. காசு சேர்ந்தால் வாங்குவேன், சேர்வதற்குள் பாதி ஆசை தானாகக் கழன்று போய்விடும். ஊருக்குள் சைக்கிள்தான், மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலம் பாலம் தாண்டித் திருப்பாப்புலியூர் போய்வர அது போதும். ஒரு சட்டை வீட்டுக்குள் வந்தால் ஒரு சட்டை வெளியே போக வேண்டும். எட்டு மணிக்கு மேல் போன் பீரோவுக்குள். விசேஷம் யார் வீடாக இருந்தாலும் மொய் 500, கூடவும் இல்லை குறையவும் இல்லை. கடனில்லாத கஞ்சி கால் வயிறு என்று எங்கள் ஆயா சொல்வார். நான் முழு வயிறு சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

கணக்குப்பிள்ளை (சனி, 9:31)

எட்டு மணிக்கு மேல் போன் பீரோவில், பதிவு மட்டும் 9:10க்கு. சரி, அதை விடுங்கள். மூன்று கேள்வி சார். வீடு சொந்தமா? வேலை அரசு வேலையா? அரசு வேலை என்றால், பழைய ஓய்வூதியம் நின்ற 2003 ஏப்ரல் 1க்கு முன்னால் சேர்ந்தவரா, பின்னால் சேர்ந்தவரா?

மஞ்சக்குப்பத்தான் (சனி, 9:40)

வீடு அப்பா கட்டியது. பள்ளிக்கூட வாத்தியார். 2001ல் சேர்ந்தேன். இதற்கும் என் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?

கணக்குப்பிள்ளை (சனி, 9:58)

நிறைய சம்பந்தம். வாடகை இல்லை. மாதக் கடைசியில் சம்பளம் கணக்கில் விழுந்துவிடும். பழைய ஓய்வூதியம், உங்களுக்குப் பிறகு வீட்டம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். கீழே இவ்வளவு கெட்டியாகத் தரை போட்டு வைத்துக்கொண்டு நான் பாயில்தான் படுக்கிறேன் என்றால் எப்படி சார்? நான் 2006ல் சேர்ந்தவன். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டிலும் மாதாமாதம் பத்து சதவீதம் பிடித்தம், கடைசியில் கைக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்டுப் போட்டே பாதி முடி கொட்டிவிட்டது. எனக்கு ராத்திரித் தூக்கம் வராததற்குக் காரணம் பிரிட்ஜ் இல்லை. அப்புறம் அந்த மொய். உங்கள் வீட்டு விசேஷத்தில் 2,000 எழுதியவருக்கு நீங்கள் 500 எழுதினால் அதற்குப் பெயர் கொள்கை இல்லை, லாபம்.

மஞ்சக்குப்பத்தான் (சனி, 10:15)

மகள் காதணி விழாவில் மொய் நோட்டே வைக்கவில்லை, வேண்டுமானால் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். தரை கெட்டி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே தரையில் நிற்கிற எத்தனை பேர் நிம்மதியாக இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர், என்னோடு அதே வருஷம் வேலைக்கு வந்தவர், சம்பளம் வந்த மூன்றாம் நாள் என்னிடம் 3,000 கேட்பார். வீட்டுக்கு ஒரு லோன், காருக்கு ஒன்று, மகன் காலேஜுக்கு ஒன்று, இதெல்லாம் போக நகைக்கடன் வட்டி கட்ட இன்னொன்று. பென்ஷன் இருந்தால் நிம்மதி தானாக வந்துவிடாது என்றுதான் சொல்கிறேன்.

லாஸ்பேட்டைக்காரன் (சனி, 10:52)

நான் பாண்டி. என் அப்பா மில் தொழிலாளி. இன்று மூடுவார்கள் நாளை மூடுவார்கள் என்று வருஷக்கணக்கில் இழுத்து, பாதிச் சம்பளத்தில் உட்கார வைத்து, கடைசியில் மூடியே விட்டார்கள். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டிலும் ஒரு சட்டை வந்தால் ஒரு சட்டை போகும், ஏனென்றால் பழையது அதற்குள் கிழிந்திருக்கும். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், காந்தி வீதியில் தார்ப்பாய் விரித்துக் குவித்திருக்கும் சட்டைகளை அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கி, காலரை உள்பக்கம் திருப்பி, விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்ப்பார், யாராவது போட்ட அழுக்குக் கோடு இருக்கிறதா என்று. இருந்தால் பேசாமல் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். எங்களை யாரும் எளிமையான குடும்பம் என்று சொன்னதில்லை சார், இல்லாதப்பட்ட குடும்பம் என்றுதான் சொன்னார்கள்.

இன்றைக்கு நான் தவணையில் வண்டி எடுத்து ஓட்டுகிறேன், மாதம் 4,800. சாயந்திரமானால் பீச் ரோட்டுக்குள் வண்டியை விடமாட்டார்கள், தள்ளி நிறுத்திவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறேன். கடன்காரன்தான், சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

மஞ்சக்குப்பத்தான் (சனி, 11:05)

தம்பி, அப்பாவைப் பற்றி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. வண்டிக்கு மட்டும் ஒரு கேள்வி. 2024 பெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது வண்டி எங்கே நின்றது?

லாஸ்பேட்டைக்காரன் (சனி, 11:09)

ரெயின்போ நகரில், நண்பன் வீட்டு வாசலில். ஹேண்டில் வரைக்கும் முங்கியது. 7,000 செலவு, அந்த மாதத் தவணை தனி. கட்டினேன். சிரித்துக்கொண்டு கட்டினேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

துறைமுகத்துக்காரன் (ஞாயிறு, காலை 5:20)

கடன் வேண்டாம், தவணை வேண்டாம் என்று கரையில் இருக்கிறவங்க சொல்லலாம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, தடைக்காலம். வரவு இல்லாத அந்த 61 நாளில்தான் போட்டைக் கரையேற்றி, பலகை பார்த்து, பெயின்ட் அடித்து, என்ஜினைப் பிரித்து, வலையைச் சரி பண்ணணும். வருஷத்தின் பெரிய செலவே அப்போதுதான். டீசல், ஐஸ் எல்லாம் வியாபாரி கொடுக்கிற முன்பணத்தில் ஓடும், பிடிக்கிற மீனை அவருக்கே போட்டுக் கழிக்கணும். கடனே கூடாது என்றால் நான் கரையில் உட்கார்ந்து கடலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்கும் ஒரு விதி இருக்கிறது. கடலுக்குள் வராத பொருளுக்குக் கடன் வாங்க மாட்டேன். என்ஜினுக்கு வாங்குவேன், வலைக்கு வாங்குவேன். டிவிக்கு, பந்தலுக்கு, பாட்டுக் கச்சேரிக்கு வாங்க மாட்டேன். எங்க அண்ணன் என்ஜின் பேரைச் சொல்லி வாங்கிய பணத்தில் பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தான். ஊரே மெச்சியது. அடுத்த சீசனில் பழைய என்ஜின் நடுக்கடலில் நின்று, இன்னொரு போட்டில் கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

மஞ்சக்குப்பத்தான் (ஞாயிறு, 7:02)

அண்ணே, உங்கள் விதி என்னுடையதைவிடத் தெளிவு. கடனே கூடாது என்று நான் எழுதியது சம்பளக்காரன் புத்தி.

பண்ருட்டி பலா (ஞாயிறு, 8:45)

மற்றதெல்லாம் சரி, புயல் வந்து பாடம் சொல்லிக் கொடுத்த மாதிரி எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அதே தானேயில் எங்கள் அப்பா வைத்த 22 பலா மரம் வேரோடு சாய்ந்தது, முந்திரி கணக்கே இல்லை. எனக்கு அது எந்த விதியையும் கற்றுத் தரவில்லை சார், மறுபடி கன்று வைத்து ஏழு வருஷம் காய்ப்புக்குக் காத்திருக்க வைத்தது.

எளிமை என்று எதைச் சொல்கிறோம் என்பதே எனக்குச் சந்தேகம். வடலூர் இங்கே பக்கம்தான். 1867ல் வள்ளலார் தர்மசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது, யார் பசி என்று வந்தாலும் சோறு. நான் மாதம் ஒரு நாள் காய் நறுக்கப் போகிறேன். அவர் வெள்ளை வேட்டி போர்த்திக்கொண்டு இருந்தவர்தான், ஆனால் ஜனம் பேசுவது அடுப்பைப் பற்றி. வாத்தியார் பதிவு முழுக்க நான் வாங்கவில்லை, நான் ஓட்டவில்லை, நான் எழுதவில்லை. அடுத்த ஆள் ஒருவர்கூட அதில் வரவில்லையே?

மன்ற நடத்துனர் (ஞாயிறு, 9:00)

மொய் பற்றித் தனிமடலில் சண்டை போடுகிறவர்கள் அதற்குத் தனி விவாதத் திரி திறந்துகொள்ளவும். எனக்கு வந்த புகார்கள் ஆறு.

முத்தியால்பேட்டை அக்கா (ஞாயிறு, மதியம் 2:30)

ஆம்பளைகள் எல்லாரும் பென்ஷனிலேயே நிற்கிறீர்கள். நான் பிரிட்ஜுக்கு வருகிறேன். வாத்தியார் சார், மே மாதம் கடலூரில் காலையில் ஆட்டிய மாவு சாயந்திரத்துக்குள் பொங்கிவிடும், மறுநாள் மதியம் மூடியைத் திறந்தாலே புளிப்பு மூக்கில் ஏறும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் பாத்திரத்தை வைத்து, மாவு மேல் வெற்றிலை போட்டு, என்ன செய்தாலும் இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், அதற்கு மேல் கொட்ட வேண்டியதுதான். அப்படியென்றால் வாரத்துக்கு மூன்று தடவை ஆட்ட வேண்டும். பாலை மூன்று தடவை காய்ச்ச வேண்டும். ராத்திரிக் குழம்பைத் தூங்குமுன் ஒரு கொதி, எழுந்ததும் ஒரு கொதி. மீன் வாங்கினால் அப்போதே ஆய்ந்து, அப்போதே குழம்பு. தினம் மார்க்கெட்.

என் மாமியார் வீட்டில் நாலு வருஷம் இப்படித்தான். எங்கள் மாமனாரும் உங்களைப் போலத்தான், நமக்கு எதுக்கும்மா அதெல்லாம், ஐஸ் தண்ணி குடிச்சா சளி பிடிக்கும் என்பார். தங்கமான மனுஷன். அவர் எளிமையாக இருந்தார், எனக்கு இடுப்பு போனது. 13 வருஷம் பிரிட்ஜ் இல்லாமல் வாழ்ந்தது நீங்களா, உங்கள் வீட்டம்மாவா?

மஞ்சக்குப்பத்தான் (ஞாயிறு, 3:10)

எங்கள் வீட்டில் இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

முத்தியால்பேட்டை அக்கா (ஞாயிறு, 3:11)

கேட்டீர்களா?

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, 3:40)

நான் மூன்று கேள்வி கேட்டு இரண்டு பத்தி எழுதினேன். அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மஞ்சக்குப்பத்தான் (புதன், மாலை 6:35)

மூன்று நாளாகக் காணோம் என்று கேட்டவர்களுக்கு: ஓடிவிடவில்லை. ஞாயிறு ராத்திரியே இந்தத் திரியை வீட்டில் படிக்கக் கொடுத்தேன். மொத்தமும் படித்தாள், மொய் லாபம் என்ற இடத்தில் சத்தமாகவே சிரித்தாள், சட்டைக் காலர் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சரி, பிரிட்ஜ் வாங்கிவிடலாமா என்று கேட்டேன். "வாங்கினா மூணு நாள் பழசை வச்சுத் தின்னச் சொல்வீங்க. அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஒரு மாசத்துக்கு மாவை மட்டும் நீங்க பார்த்துக்குங்க" என்றாள். அவ்வளவுதான்.

நேற்றுச் சாயந்திரம் ஆட்டினேன். உளுந்து தனி, அரிசி தனி என்பதே ஆட்ட உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கிரைண்டர் கல்லைத் தூக்கி அடியில் ஒட்டியதை வழித்தால் மறுபடி ஒட்டுகிறது, வழிக்க வழிக்க வந்துகொண்டே இருக்கிறது, கழுவி முடிக்க அரை மணி நேரம். காலையில் எழுந்து பார்த்தால் மாவு பொங்கி மூடியைத் தள்ளி மேடையெல்லாம் வழிந்து, சுவர் ஓரமாக எறும்பு சாரி. பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம் லேட்.

கணக்குப்பிள்ளை சார், தலைப்பில் அரசுச் சம்பளத்தையும் சேர்த்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பலாக்காரரே, காய் நறுக்க எந்த நாள் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், முடிந்தால் வருகிறேன். துறைமுகத்து அண்ணன் தொழில் வேறு, ஆனால் வீட்டுச் சாமானுக்குத் தவணை கூடாது என்பதில் நான் மாறப் போவதில்லை, லாஸ்பேட்டைத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். அக்கா, ஒரே ஒரு சந்தேகம். வெற்றிலையை மாவு மேல் கவிழ்த்துப் போடணுமா, நிமிர்த்திப் போடணுமா?

முத்தியால்பேட்டை அக்கா (புதன், 6:50)

காம்பைக் கிள்ளிவிட்டுக் கவிழ்த்துப் போடுங்கள். அது இருக்கட்டும், மாவு முழுசுக்கும் உப்புப் போட்டுவிட்டீர்களா?

மஞ்சக்குப்பத்தான் (புதன், 6:52)

ஆட்டும்போதே போட்டுவிட்டேனே.

முத்தியால்பேட்டை அக்கா (புதன், 6:53)

அப்போ இன்றைக்கு ராத்திரியே மொத்தத்தையும் தோசை சுட்டுவிடுங்கள், நாளைக்குத் தாங்காது.