சிறுத்தையை வைத்துச் சுவிசேஷம் சொல்லலாமா?

பனிமூட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். இருபது பிள்ளைகள் வரை வருவார்கள். போன மாதம் நார்னியா என்ற ஆங்கிலச் சிறுவர் கதைத் தொடரின் முதல் கதையை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். துரோகம் செய்த பையனுக்காக அதில் வரும் சிங்கம் கல்மேடையில் சாகிற இடத்தில் எனக்கே தொண்டை அடைத்தது, ஆனால் பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு இருந்தார்களே தவிர அது உள்ளே இறங்கவில்லை. சிங்கத்தை அவர்கள் பார்த்திருப்பது நாட்டின் தேசியக் கொடியில்தான்.

அதனால் அடுத்த ஞாயிறு நானே ஒரு கதை கட்டினேன். ஒரு பையன் பன்றிக்கு என்று தேயிலை ஓரத்தில் கம்பிச் சுருக்கு வைக்கிறான். விடியற்காலை பனியில் அவன் தங்கச்சி வழி தவறி அந்தப் பக்கமே போகிறாள். காட்டிலிருந்து ஒரு சிறுத்தை இறங்கி வந்து அவளுக்கு முன்னால் போய் அந்தச் சுருக்கில் கழுத்தைக் கொடுக்கிறது. மூன்றாம் நாள் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) போகிறவர்கள் பார்க்கிறார்கள், கம்பி அறுந்து கிடக்கிறது, ஈர மண்ணில் புதுக் கால்தடம். காட்டுப் பக்கம் போகவில்லை, நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் பக்கம் போகிறது. அவ்வளவுதான் கதை. ஒரு பிள்ளை கூட அசையவில்லை.

அப்புறம் எட்டு வயதுப் பையன் ஒருவன் எழும்பி, "டீச்சர், எங்க நாயத் தூக்கிட்டுப் போனதும் அந்தச் சிறுத்தைதானா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த நாள் சபைப் பெரியவர் ஒருவர், வெளிப்படுத்தல் 13இல் மிருகமே சிறுத்தையைப் போலத்தான் இருக்கிறது, நீ ஆண்டவரைப் போய் அப்படிச் சொல்லலாமா, கட்டுக்கதைகளுக்குச் சாய்ந்துபோகும் காலம் வரும் என்று பவுல் எழுதியது உனக்குத்தான் என்றார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. நான் செய்தது பிழையா? அந்தப் பையனுக்கு என்ன சொல்வது?

டிக்கோயா வாசகன்:
தங்கச்சி, முதலில் ஓசியா 13ஐத் திறந்து பாருங்கள். "சிவிங்கியைப்போல் வழியருகே பதிவிருப்பேன்" என்று சொல்வது யார்? கர்த்தரேதான். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் சிவிங்கி என்று போட்டிருக்கிறார்கள், எபிரேயத்தில் அது சிறுத்தைதான். அது கோபத்தில் சொன்ன வார்த்தை, ஆறுதல் வார்த்தை அல்ல, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் சிறுத்தை பிசாசுக்கு மட்டும் எழுதிவைத்த உருவம் இல்லை என்பது தெளிவு. சிங்கமும் அப்படித்தானே, யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று இயேசுவைச் சொல்கிற அதே வேதம், பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித்திரிகிறான் என்றும் சொல்கிறது.

கட்டுக்கதை விசயம். நியாயாதிபதிகள் 9இல் மரங்கள் எல்லாம் கூடித் தங்களுக்கு ராஜா தேடிப் போகின்றன. ஒலிவமரம் மாட்டேன் என்கிறது, அத்திமரம் மாட்டேன் என்கிறது, திராட்சச்செடி மாட்டேன் என்கிறது, கடைசியில் முட்செடி வந்து என் நிழலில் அடையுங்கள் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்! யோதாம் அதைச் சொன்னது பொய் சொல்லவா? தாவீதிடம் நாத்தான் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லாமல் நேராகக் குற்றத்தைச் சொல்லியிருந்தால் ராஜா காதை மூடிக்கொண்டிருப்பான். பவுல் சொன்னது, சத்தியத்தைக் கேட்காமல் இருப்பதற்குக் கதையைத் தேடுகிறவர்களைப் பற்றி. நீங்கள் சொன்னது சத்தியத்தைக் கேட்க வைப்பதற்கு.

ஓய்வு வாத்தியார், பண்டாரவளை:
மகளே, உங்கள் கதையைப் படித்ததும் எனக்குத் தேம்பாவணிதான் ஞாபகத்துக்கு வந்தது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1726இல் முடித்த காவியம், 3615 பாட்டு, தலைவன் சூசையப்பர், அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர். அவர் செய்த பெரிய காரியம் என்னவென்றால், யூதேயா நாட்டைத் தமிழ்க் காப்பிய முறைப்படி நாட்டுப்படலம், நகரப்படலம் என்று தொடங்கி மழையும் வயலும் வளமுமாகப் பாடிவிட்டார். அங்கே அப்படி வயல் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஏறக்குறைய நூற்று எழுபது வருடம் கழித்து எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையை எடுத்து, கம்பனை வாசித்து ஊறிய நாக்கால் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார், 1894இல் அச்சில் வந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், பழைய இசையை அவர் தூக்கி எறியவில்லை, அதைக் கொண்டே புதிய ஆண்டவரைப் பாடினார். அவர்களுக்கு வயலும் கம்பனும் என்றால் உங்களுக்குப் பனியும் சிறுத்தையும் லயமும். இதில் என்ன தப்பு?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கால்தடத்துக்கு விளக்கம் சொல்லிவிடாதீர்கள். நார்னியா எழுதிய லூயிஸுக்கு முதலில் வந்தது பாடம் அல்ல, பனி விழுகிற காட்டில் குடையும் பொட்டலங்களும் தூக்கிக்கொண்டு போகிற ஆட்டுக்கால் மனிதனின் படம். பதினாறு வயதில் மனதில் வந்த படம், கதையானது பல வருடம் கழித்து. நான் முப்பது வருடம் வகுப்பில் கவிதை படிப்பித்தேன், பொருளை முதலில் எழுதிப்போட்ட பாடம் ஒன்றும் பிள்ளைகளிடம் நிற்கவில்லை.

மலைமுகடு:
நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து. பெரியவரை அப்படியே தள்ளிவிடாதீர்கள். உங்கள் தோட்டப் பக்கம் உண்மையாகவே சிறுத்தை இறங்குகிறது. நல்ல சிறுத்தை என்று நம்பி ஒரு ஐந்து வயசுப் பிள்ளை பொழுது சாய்ந்த பிறகு மேலே போனால்? இது கதை, காட்டுச் சிறுத்தை வேறு, கிட்டப் போகக்கூடாது என்று ஒருமுறை கட்டாயம் சொல்லுங்கள். மற்றபடி கம்பியில் மாட்டிச் சாகிற சிறுத்தையைப் பற்றி இங்கே யாராவது பிள்ளைகளிடம் பேசியதே நல்லது, பன்றிக்கு வைக்கிற சுருக்கில் எத்தனை போய்விட்டது.

பதுளைக்காரி:
நாங்கள் கத்தோலிக்கர்கள், ஆனாலும் எங்கள் அம்மாயி மாசியில் காமன் கூத்து நடக்கிற பொட்டலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். மன்மதன் எரிகிறபோது ரதி அழுகிற பாட்டில் அம்மாயியும் சேர்ந்து அழுவார். சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது, பூசையில் பாடுகளின் வாசகத்துக்கு அழாத மனுசி இங்கே அழுகிறாரே என்று.

பிறகுதான் வாசித்தேன், 1931 செப்டம்பரில் ஒரு ராத்திரி ஒக்ஸ்ஃபோர்டில் எழுத்தாளர் டோல்கினும் டைசன் என்ற நண்பரும் லூயிஸோடு நடந்துகொண்டே பேசியது இதைத்தான். செத்து எழும்புகிற தெய்வக் கதை எந்தப் பழைய புராணத்தில் வந்தாலும் உன் மனம் உருகுகிறது, சுவிசேஷத்தில் வந்தால் மட்டும் ஏன் கல்லாகிறது? இதுவும் அப்படிப்பட்ட கதைதான், ஆனால் உண்மையில் நடந்த கதை. கொஞ்ச நாளில் லூயிஸ் கிறிஸ்தவரானார். அம்மாயியின் கண்ணீர் வீண் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்தக் கண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று காட்டுவதுதான் நம் வேலை. டோல்கினுடைய 'மோதிரங்களின் தலைவன்' கதையில், தீய மோதிரத்தை அழிக்கப் போகிற ஃப்ரோடோ கடைசி நேரத்தில் தோற்றுவிடுகிறான், மோதிரத்தை அவனால் எறிய முடியவில்லை. முன்பு அவன் இரக்கப்பட்டு உயிரோடு விட்ட கொல்லம் என்ற கெட்டுப்போன பிராணி வழியாகத்தான் காரியம் முடிகிறது. அங்கே இயேசுவின் பெயரே இல்லை, ஆனால் கிருபை என்றால் என்ன என்று எனக்கு எந்தப் பிரசங்கத்தையும் விட அந்தப் பக்கம்தான் சொல்லித்தந்தது.

பனிமூட்டம்:
எல்லோருக்கும் நன்றி. சேர், அழுதுவிட்டேன், உண்மையாக. மலைமுகடு சொன்னதை நேற்றே பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். பெரியவர் வீட்டுக்கு வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன், இஸ்தோப்பில் உட்கார்ந்து ஓசியா 13ஐ இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி ஊற்றச் சொன்னார், அடுத்த ஞாயிறு வந்து பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன் என்றார்.

அந்தப் பையனுக்கு இன்னும் பதில் இல்லை. இல்லை, அது வேறு சிறுத்தை என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. கதையை மறுபடி சொல்லும்போது அவனுடைய நாயையும் உள்ளே கொண்டுவரலாம் என்று யோசிக்கிறேன். அதன் பெயரைக் கூட நான் அன்றைக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனதும் முதலில் அதைக் கேட்க வேண்டும்.