புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறதா? ஹீட்டர் பழுது பார்த்த அனுபவங்கள்

என் காரில் ஹீட்டர் புளோயர், அதாவது உள்ளே காற்றைத் தள்ளும் விசிறி, 1, 2, 3 எந்த வேகத்திலும் ஓடாது. 4-இல் வைத்தால் மட்டும் முழு வேகத்தில் இரையும். பலருக்கும் வரும் கோளாறு இது என்பதால், நான் என்னென்ன பார்த்தேன் என்று எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் கீழே சேருங்கள்.

இந்த அறிகுறியே பாதி விடையைச் சொல்லிவிடும். கையால் திருகும் சாதாரண ஹீட்டர்களில் வேகத்தைக் குறைப்பது, மோட்டாருக்குப் போகும் வழியில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர். 1-இல் வைத்தால் மின்சாரம் அதன் எல்லாச் சுருள்களையும் கடந்துதான் போக வேண்டும். எண் ஏற ஏறச் சுருள்கள் குறையும். கடைசி எண்ணில் ரெசிஸ்டரைத் தொடாமலேயே மோட்டாருக்குப் போய்விடும். ஆகவே கடைசி வேகம் மட்டும் மிஞ்சியிருந்தால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் ரெசிஸ்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது முன் பயணி பக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னாலோ கீழோ, இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். புளோயர் ஓடிய உடனே கை வைக்காதீர்கள், சுட்டுவிடும்.

என் ரெசிஸ்டரில், சூடு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்திருந்தது. கனெக்டரில் ஒரு முனை பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது. புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டு முடித்திருக்கலாம்தான். ஆனால் போன குளிர்காலத்தில்தான் ஒரு பணிமனையில் இதே ரெசிஸ்டரை மாற்றினார்கள். அவர்கள் போட்டது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை என்றால், அதை எரிப்பது வேறு எதுவோ.

ரெசிஸ்டரைக் காற்றுக்குழாய்க்குள் தலை நீட்டி வைத்திருப்பது காரணத்தோடுதான்: புளோயர் தள்ளும் காற்றே அதைக் குளிர வைக்கிறது. காற்று குறைந்தால் சூடு ஏறும். மோட்டார் அதிக மின்சாரம் இழுத்தாலும் சூடு ஏறும். என் காரில் இரண்டுமே நடந்திருக்கிறது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவினால் தூசியும் இலைச் சருகுமாக அடைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஃபியூஸை எடுத்துவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். நல்ல மோட்டார் விட்டதும் கொஞ்சம் சுற்றி நிற்கும். இது விட்ட இடத்திலேயே நின்றது. அச்சில் துரு.

மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: சாதாரண மல்டிமீட்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பெரும்பாலானவை 10 ஆம்பியர் வரைதான் தாங்கும். புளோயர் முழு வேகத்தில் அதைச் சுலபமாகத் தாண்டும். பல கார்களில் இதற்கு 30 ஆம்பியர் ஃபியூஸே வைத்திருக்கிறார்கள். நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயர் மேல் கவ்வினால் போதும், எதையும் கழற்ற வேண்டாம்.

துரு எப்படி வந்தது என்று தேடியதில்தான் உண்மையான காரணம் கிடைத்தது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் மழைநீர் வடியத் துளைகள் இருக்கும். அவை சருகால் மூடிக்கொண்டால் நீர் தேங்கி, காற்று உள்ளே போகும் வழியாகவே புளோயர் மேல் சொட்டும். துளைகளைச் சுத்தம் செய்து, மோட்டார், ரெசிஸ்டர், ஃபில்டர் மூன்றையும் மாற்றினேன். உருகிய கனெக்டரையும் வயரோடு வெட்டிப் புதியது போட்டேன். பழைய கனெக்டரில் புதிய ரெசிஸ்டரைச் செருகுவது வீண் செலவு. தளர்ந்த முனை மறுபடி சூடாகும்.

*மறுமொழி*

என் காரில் எந்த வேகத்திலும் ஓடவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மோட்டார் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டியது. மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் செத்துவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நண்பர் ஒருவர் மீட்டரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை இணைத்தார். மினுக்கென்று மங்கலாக எரிந்தது.

மீட்டர் மிகச் சொற்ப மின்சாரம்தான் இழுக்கும். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு 12 வோல்ட் காட்டும். சுமை ஏறினால்தான் வண்டவாளம் வெளியே வரும். எங்கள் விஷயத்தில் எர்த் வயர் பாடியில் முடுக்கியிருந்த இடம் பச்சைப் பூத்துக் கிடந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினோம், மோட்டார் ஓடியது. இன்னொரு வழியும் உண்டு: சுவிட்சைப் போட்டபடியே மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரி செய்யாமல் மோட்டார் வாங்காதீர்கள்.

மோட்டார் கூட்டை லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்குகிறது என்றால் அது வேறு கதை. மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மோட்டாரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

*மறுமொழி*

வெப்பநிலையை எண்ணில் வைக்கும் தானியங்கி வகை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பல கார்களில் அதில் சுருள் ரெசிஸ்டர் கிடையாது. வெப்பத்தகடு பொருத்திய டிரான்சிஸ்டர் தொகுதி ஒன்றுதான் வேகத்தைக் கட்டுப்படுத்தும். என்னுடையது பழுதானபோது புளோயர் நிற்கவே இல்லை. சாவியை எடுத்த பிறகும் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது, காலையில் பேட்டரி காலி. தொகுதியை மாற்றும் வரை இரவில் புளோயர் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துத்தான் சமாளித்தேன்.

இதே வகையில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் புளோயர் சற்று நேரம் சும்மா இருந்தால் பயப்பட வேண்டாம். கூலன்ட் (எஞ்சின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுவரும் திரவம்) சூடேறும் வரை முகத்தில் குளிர்காற்று அடிக்கக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். பனி நீக்கும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் உடனே ஓடும்.

*மறுமொழி*

கனெக்டர் மாற்றிய பிறகு காற்று பலவீனமாக வந்தால் வயர் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். என் காருக்கு மெக்கானிக் மோட்டார் வயர்களைத் தலைகீழாக இணைத்துவிட்டார். இந்த உருளை விசிறி எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்றை அதே வழியில்தான் தள்ளும், ஆனால் வலு இருக்காது. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஃபில்டரையும் காற்றுக் கதவுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

*மறுமொழி*

எனக்குக் காற்று நன்றாக வருகிறது, ஆனால் சூடு இல்லை. இதற்கும் புளோயர் காரணமாக இருக்குமா?

*முதலில் எழுதியவர்*

இருக்காது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அளவு சரியாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, வெப்பமானி நடுவுக்கு வந்த பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். எஞ்சின் அறைச் சுவரைத் துளைத்து உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் குழாய்களையும், விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடு என்றால் டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவு திரும்பவில்லை. அங்கிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அதைத் திருப்பும் சிறு மோட்டாரின் பல் உடைந்திருக்கலாம். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் கூலன்ட் ஓடிக் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது, அல்லது அதற்குக் கூலன்டை விடும் வால்வு திறக்கவில்லை. வெப்பமானி நடுவுக்கே வராவிட்டால் ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

டேஷ்போர்டைக் கழற்ற வேண்டி வந்தால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கார் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்து ஆரம்பியுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்கினுடையவை, அவற்றில் மீட்டர் முனையை வைக்காதீர்கள். குழாய்களில் சூடு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.