ஏரிக்கரை வீட்டார் குழு

பெரியப்பா: வீராணம் ஏரிப் பக்கம் யாராவது இருக்கீங்களா? தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? கிழக்குக் கொல்லைக்கு நெல் விதை வாங்கணும்.

சின்னவன்: லால்பேட்டைக் கரையில்தான் நிற்கிறேன் பெரியப்பா. 44 அடிக்குக் கொஞ்சம் மேல். அணைக்கரையிலிருந்து வரும்போது வடவாற்றையும் பார்த்தேன், செம்மண் கலங்கலாக நல்லா ஓடுது.

பெரியப்பா: 47.5 தான் முழுசு. அப்போ சி.ஆர். 1009 நெல்லே விதைச்சுடலாம்.

சித்தப்பா: அண்ணே, ஆவணி முடியப் போகுது. சி.ஆர். 155 நாளாவது நிற்கும், அறுப்பு மாசிக்குப் போயிடும். கடைசித் தண்ணீருக்கு மதகில் போய் நிற்கணும். ஆடுதுறை 46 போடுங்க, 135 நாள்.

பெரியப்பா: ஐப்பசியில் செங்கால் ஓடை திரண்டு வந்தால் ஏரியில் வைத்துக்கொள்ள மாட்டான், வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிடுவான், கீழே முழுகுவது நம்ம கொல்லைதான். சி.ஆரில் சப்-1னு ஒரு ரகம் இருக்கு, அது பத்து நாள் முழுகினாலும் பிழைக்கும், உன் 46 பிழைக்குமா?

சென்னை அக்கா: எங்களுக்கும் மிச்சம் வைங்க. எங்க குழாயில் வருவது உங்க ஏரித் தண்ணீர்தான்.

சித்தப்பா: 2004லிருந்து குடிக்கிறீங்களே பாப்பா. ஏரி இறங்கினால் முதலில் நிற்பது வயல் தண்ணீர், உங்க குழாய் இல்லை.

சென்னை அக்கா: நானா பைப் போட்டேன் சித்தப்பா?

அத்தை: சண்டை போதும். சின்னவனே, வெற்றிலை ரெண்டு கவுளி வாங்கி வா, நாளைக்குத் தட்டு மாற்றணும். நடுவில் பழுத்ததை வைத்துக் கட்டியிருப்பான், பிரித்துப் பார்த்து வாங்கு.

சின்னவன்: சரி அத்தை.

பெரியப்பா: வெற்றிலை கிடக்கட்டும். மதகு திறக்கிற லஸ்கரைப் பார்த்தால் நம்ம வாய்க்காலுக்கு எப்போ திறப்பார் என்று கேள்.

சின்னவன்: கேட்டாச்சு, மதகு திறந்து ரெண்டு நாளாச்சாம். தலைப்பில் முழங்கால் அளவு ஓடுது, பாலத்துக்கு இந்தப் பக்கம் கணுக்கால்கூட நனையலை. பாலத்தடியில் வெங்காயத்தாமரை பாய் விரித்த மாதிரி அடைத்துக் கிடக்கு, அதுக்கு மேலே யாரோ வாழைமட்டையை வேறு கொட்டியிருக்காங்க.

சித்தப்பா: விதையே இன்னும் வாங்கலை, வாய்க்காலும் அடைப்பு. மனு எழுதிப் பொக்லைன் வருவதற்குள் தை வந்துடும். காலை ஆறுக்கு ஆளுக்கு ஒரு அரிவாளோடு வாங்க, நாமே இழுத்துப் போடுவோம்.

பெரியப்பா: நாளைக்கு நிச்சயதார்த்தம்டா.

அத்தை: பத்தரைக்குத்தானே அண்ணே. சேற்றுக் காலோடு வந்தால் வாசல்லயே நிறுத்திடுவேன்.

பெரியப்பா: சரி, தாழ்வான ரெண்டு ஏக்கருக்கு சப்-1, மேட்டுக்கு 46. கயிறு யார் வீட்டில் இருக்கு?