வால்வ் ஆம்ப் மாற்றியதும் மிருதங்கத்தின் தொப்பி வீங்கி ஒலிக்கிறது. என் காதுதான் ஏமாற்றுகிறதா?

மாம்பலம் ரசிகன்:
வணக்கம். பத்து வருடமாக டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) கச்சேரி கேட்டு வந்தேன். போன மாதம் பழைய வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் ஒன்று வாங்கினேன். அதே 8 ஓம் ஸ்பீக்கர், அதே அறை. ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி (அழுத்தி இழுக்கும் கனத்த நாதம்) விழும்போது தொம்மென்று இழுக்கிறது. வலப்பக்கமான வலந்தலை பழையபடி சுத்தம். ஆம்ப் எல்லாம் ஒன்றுதான், உன் பிரமை என்கிறார் நண்பர். விற்றவரோ அதுதான் வால்வின் இனிமை என்கிறார். இரண்டும் மனதுக்கு ஒப்பவில்லை. திருப்பிக் கொடுத்துவிடவா?

அடையாறு அக்கா:
அவசரப்படாதீங்க தம்பி. முதலில் இரண்டின் சத்தமும் சமமா என்று பாருங்கள். அரை டெசிபெல் கூடினால் சத்தம் கூடியதாகத் தெரியாது, தரம் கூடியதாகத்தான் தோன்றும். 300 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ஒன்றில் 2 வோல்ட் என்றால் மற்றதும் 0.02 வோல்ட்டுக்குள் வர வேண்டும். அப்புறம் எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். ஒயர் மாற்றும்போது ஆம்ப் ஆஃபில் இருக்கட்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வ் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

மாம்பலம் ரசிகன்:
செய்துவிட்டேன் அக்கா. தங்கை மறைவாக மாற்றினாள். தனி ஆவர்த்தனம் வைத்து பத்து முறையும் சரியாகச் சொன்னேன்.

ரிச்சி தெரு பழையவர்:
அப்படியென்றால் பிரமை இல்லை. உங்கள் நண்பர் சொல்வது இரண்டு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். சத்தம் சமமாக இருந்து, கிளிப் ஆகாமல் (ஒலியலையின் முனை வெட்டுப்படாமல்) ஓடினால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். வால்வ் கதை வேறு. 8 ஓம் ஸ்பீக்கரின் மின்தடை எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓமாக நிற்காது. ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், பாஸ் ரெசனன்ஸில் (ஸ்பீக்கரின் கூம்பான கோன் தானாக அதிகம் அதிரும் தாழ்ந்த ஒலியில்) 30 ஓமுக்குக்கூட ஏறும். ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (உள்தடை) டிரான்சிஸ்டரில் போல 0.05 ஓம் என்றால் இந்த இரண்டு இடங்களுக்கும் 0.1 டெசிபெல்தான் வித்தியாசம். அதுவே வால்வில் போல 2 ஓம் என்றால் ஏறக்குறைய 3 டெசிபெல். ரெசனன்ஸ் இருக்கும் இடம் தூக்கலாகும், கோனும் சீக்கிரம் அடங்காது. கும்கி அங்கேதான் மாட்டுகிறது.

விற்க வேண்டாம். பின்னால் 4 ஓம் முனை இருக்கிறதா? ஸ்பீக்கரை 8-லிருந்து அதற்கு மாற்றுங்கள். அவுட்புட் இம்பீடன்ஸ் பாதியாகும். கொஞ்சம் பவர் குறையும், அந்த அளவு அறைக்குப் போதும்.

மாம்பலம் ரசிகன்:
மாற்றினேன் ஐயா. கும்கி விழுந்ததும் அடங்குகிறது! பழைய ஆம்ப் அளவுக்கு இறுக்கம் இல்லைதான், ஆனால் தொப்பியும் வலந்தலையும் மறுபடி ஒரே வாத்தியமாகக் கேட்கின்றன. சுவரை ஒட்டி வைத்திருந்த ஸ்பீக்கரையும் ஓரடி முன்னே இழுத்தேன், மிச்ச இழுப்பும் பாதி குறைந்தது. ஆம்ப்பை வைத்துக்கொள்கிறேன். அக்காவுக்கும் உங்களுக்கும் மனமார்ந்த நன்றி.